உட்கார்ந்தால் நோர்மல்

என் அக்காவின் பிரஷர் நூற்றி நாலுக்கு அறுபத்திரண்டு. தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவேட்டில் அந்த இலக்கங்களுக்குப் பக்கத்தில் 'நோர்மல்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். அக்கா அன்று அங்கே போனது தன் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இல்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று சொல்லப் போனாள். அவள் சொன்னதைப் பதிவேட்டில் எங்கேயும் காணோம். பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன். இலக்கம் இருந்தது, அந்தச் சொல் இருந்தது, கோடு இருந்தது. அக்கா வாயால் சொன்னது மட்டும் இல்லை.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வருகிற இறப்பர் தோட்டங்களில் ஒன்றில் இருக்கிறோம். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதிலிருந்து பால் வெட்டுகிறாள். எனக்கு முப்பத்தாறு. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். அக்காவின் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கிற ஒரே லயத்தில் அக்கா வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி என் வீடு.

பால் வெட்டுவது என்றால் மரத்தைக் கீறிவிட்டு நிழலில் நடக்கிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும், அது பரவாயில்லை. பட்டை போகப் போக வெட்டும் கீழே இறங்கும். அக்காவுக்குக் கொடுத்திருந்த மலையில் பாதி மரங்களுக்கு வெட்டு முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. குனிந்து, கத்தியை ஒரே சீராக இழுத்து, சிரட்டையைச் சரிபண்ணி, நிமிர்ந்து, சரிவில் நாலடி ஏறி, அடுத்த மரத்தில் மறுபடியும் குனிய வேண்டும். ஒரு காலைக்குள் இருநூறு, முந்நூறு தடவை குனிந்து எழுகிற பெண் "எழுந்தால் கண் இருட்டுகிறது" என்று சொன்னால் அது அவளுடைய வேலையையே பற்றிய பேச்சு. அதைக் கேட்கிறவருக்கு அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பன்னிரண்டு வருடமாக இருப்பவருக்குத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

அவரை நாங்கள் எல்லோரும் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கப் படித்தவர். வடக்கிலிருந்து வந்தவர். எங்கள் தோட்டத்தோடு சேர்த்து மூன்று தோட்டங்களுக்கு அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பாம்பு கடித்த ஒருவரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றியிருக்கிறார். அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அன்று டிஸ்பென்சரியில் நடந்ததை அக்கா சாயங்காலம் வந்து எனக்கு நடித்தே காட்டினாள்.

"ஐயா, எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க. நாலு நாளா இப்பிடித்தாங்க."

ஐயா அவளைக் கதிரையில் உட்காரவைத்துக் கையில் பட்டியைச் சுற்றி மெஷினை அமுக்கினார். இலக்கத்தைப் பார்த்தார். பழைய பக்கத்தைப் புரட்டினார்.

"முந்தி நூற்றைம்பது, நூற்றறுபது எண்டு நிண்டது. இப்ப பாருங்கோம்மா, நூற்றி நாலு! இதைவிட நல்ல பிரஷர் எங்க இருக்கு? குமர்ப்பிள்ளையின்ர பிரஷர் உங்களுக்கு."

"ஒரு நாளைக்கு லீவுத் துண்டு குடுத்தீங்கன்னா படுத்துக்குவேங்க."

"பிரஷர் நோர்மலா இருக்கிற ஆளுக்கு என்னெண்டு துண்டு எழுதுறது? மழை தொடங்கினா உங்கட ஆக்கள் எல்லாருக்கும் தலை சுத்தும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாளாம். என்னிடம் சொல்லும்போதும் சிரித்தாள். "கொமரிப் புள்ள பிரசராம்டி எனக்கு" என்று அவள் சிரித்தது இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. தன்னைப் பொய்க்காரி என்று நாலு பேர் முன்னால் சொன்னதை ஒரு பாராட்டு மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அதை மறைக்க முடியாது. சிரித்ததோடு இல்லாமல், அவள்மேல் கொஞ்சம் பொறாமையும் பட்டேன். 'நோர்மல்' என்ற அந்தச் சொல் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

என் கதை இது. பத்தொன்பது வயதில், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, நானும் இன்னும் மூன்று பிள்ளைகளும் ஒரு கார்மன்ட் ஃபெக்டரிக்கு வேலை கேட்டுப் போனோம். தையல் சோதனையில் நான்தான் முதலில் முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு அறையில் நேர்ஸ் ஒருத்தி பிரஷர் பார்த்தாள். எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறு. அவள் முகம் மாறிவிட்டது. "மயங்கி விழுகிறதா, நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டாள். நங்கி என்றால் தங்கச்சி. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. மெஷினைத்தான் நம்பினாள். பிரஷர் குறைந்தவர்களை எடுத்தால் லைனில் விழுந்து கிடப்பார்கள், பிறகு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே இருந்த ஒரு ஐயா சொன்னார். மற்ற மூன்று பேரையும் எடுத்தார்கள். நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன்.

அன்றிலிருந்து நான் லோ பிரஷர்காரி. என் சோற்றில் அம்மா உப்பை அள்ளிப் போட்டார். காலையில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். ஈரல் சமைத்தால் எனக்கு இரண்டு பங்கு. மழையில் நனையாதே, வெயிலில் நிற்காதே. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட யாரோ போய், "அந்தப் புள்ளைக்கு பிரசர் கொறவு, பாத்துக்கங்க" என்று சொல்லிவைத்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. பிறகு எனக்குக் கல்யாணமாகி, என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது, கிளினிக்கில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பதினேழு வருடத்தில் நான் ஒரு தடவைகூட மயங்கி விழுந்ததில்லை. முப்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் காலையிலிருந்து ஓடுகிறேன். ஆனாலும் யாராவது "எப்பிடி டீச்சர் சுகம்?" என்று கேட்டால், "எனக்கு லோ பிரசர் தானே" என்று நானே சொல்லப் பழகியிருந்தேன்.

ஆகவே அக்காவுக்கு நோர்மல் என்று சொன்னதும், அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிட்டேன். மெஷின் சொன்னால் சரி என்று எனக்கும் பழக்கப்படுத்தியிருந்தார்கள்.

மறுநாள் அக்கா பெரட்டுக்குப் போனாள். காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற இடம் அது. இன்றைக்கு மேட்டு மலை வேண்டாம், தலை சுத்துகிறது என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறாள். "டாக்டர் ஐயாவே நோமல்னு சொல்லிட்டாராமே, பெறகு என்ன?" என்றிருக்கிறார் கங்காணி. டிஸ்பென்சரி பெஞ்சில் பேசியது பெரட்டுக் களத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தது பாருங்கள். நல்ல சொல்லாக இருந்தாலும் கெட்ட சொல்லாக இருந்தாலும், தோட்டத்தில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய சொல் அவளுக்கு முன்னால் வேலைக்குப் போய் நிற்கும்.

அதற்கு அடுத்த நாள் காலை, பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்காவோடு வெட்டுகிற பெண் ஒருத்தி ஓடி வந்தாள். அவள் சேலையெல்லாம் இறப்பர்ப் பாலும் இரத்தமும்.

"டீச்சர், ஓடியாங்க! ஒங்க அக்கா கானுக்குள்ள விழுந்துட்டாங்க!"

தாழ்ந்த வெட்டில் குனிந்து வெட்டிவிட்டு அக்கா நிமிர்ந்திருக்கிறாள். நிமிர்ந்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படியே சரிந்து, சரிவில் உருண்டு, தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்திருக்கிறாள். கையில் கத்தி. முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. நான் போனபோது கங்காணியின் துவாயைச் சுற்றிக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். முகம் சாம்பல் பூசியது போல் இருந்தது. கால் எல்லாம் அட்டை. "பால் கொட்டிருச்சுடி" என்றாள் என்னைப் பார்த்ததும். அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. அன்று ஐயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து முறை. ஆட்டோ ஒன்றைப் பிடித்து, போகிற வழியில் அக்கா வீட்டுக்குள் ஓடி, சுவரில் தொங்கிய மருந்துப் பையையும், மாதாமாதம் பிரஷர் மருந்து எடுக்கிற ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியையும் அள்ளிக்கொண்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு இளம் சிங்கள டாக்டர். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். காயத்தைக் கழுவித் தையல் போட்டார். நான் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. எழுந்தால் கண் இருட்டுகிறது என்று நான் சொன்ன இடத்தில் அவர் கையை நிறுத்தினார்.

"எழும்பும்போதா? படுத்திருக்கும்போது இல்லையா?"

"எழும்பும்போதுதான்."

அக்காவைப் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார். நூற்றிப் பத்துக்கு மேல் இருந்தது. பட்டியைக் கழற்றவில்லை. "இப்போ எழும்பி நில்லுங்க அக்கே, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லி நிற்கவைத்தார். ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை, மூன்று நிமிடம் கழித்து இன்னொரு தடவை. எண்பத்தி நாலுக்கு ஐம்பது. அக்கா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "வருது, வருது" என்றாள். டாக்டர் அவளைப் படுக்கவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னென்ன மருந்து எடுக்கிறார்?"

மருந்துப் பையைக் கட்டில்மேல் கொட்டினேன். சின்னச் சின்னக் கடதாசிக் கூடுகள். மேலே பேனாவால் கிறுக்கிய ஆங்கிலம், பக்கத்தில் சிங்களத்தில் 'காலை ஒன்று'. ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. டாக்டர் இரண்டு கூடுகளை எடுத்தார். ஒன்றிலிருந்து ஒரு வட்டமான வெள்ளை மாத்திரை, மற்றதிலிருந்து மங்கலான மஞ்சள் மாத்திரை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இரண்டும் ஒன்றுதான். இரண்டும் பிரஷர் மருந்து, ஒரே மருந்து. கம்பெனிதான் வேறு. ஏன் இரண்டையும் போடுகிறார்?"

அக்காவிடம் கேட்டேன்.

"மஞ்சக் கலரு டாக்டர் ஐயா குடுத்தது. போன மாசம் மழையில கிளினிக்குக்குப் போக முடியலைல்ல, அப்ப குடுத்தாரு. வெள்ளை இந்த மாசம் கிளினிக்குல குடுத்தாங்க. வெள்ளை தலவலிக்கு, மஞ்ச பிரசருக்குன்னுல்ல நெனச்சேன்."

"யாரு சொன்னா வெள்ளை தலவலிக்குன்னு?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஜன்னலுக்குள்ளருந்து நீட்டினாங்க, வாங்கிக்கிட்டேன்."

ஒருவர் கொடுத்தார். இன்னொருவர் கொடுத்தார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கொப்பியில் எழுதினார்கள். ஏற்கெனவே வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பத்து நாளுக்கு மேலாக அவள் ஒவ்வொரு காலையும் இரட்டை மருந்தைப் போட்டுக்கொண்டு, வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வேர்த்து ஒழுக ஒழுகச் சரிவில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவில்லை, விஷயம் இதுதான். நூற்றி நாலு என்பது யாருடைய நூற்றி நாலு என்று பார்க்க வேண்டும். எப்போதும் நூற்றி நாலில் இருக்கிற ஒருவருக்கு அது சும்மா ஒரு இலக்கம். வருடக்கணக்காக நூற்றைம்பதில் இருந்தவர் சில நாட்களுக்குள் நூற்றி நாலுக்கு வந்து, கூடவே தலை சுற்றுகிறது என்றும் சொன்னால், ஏன் இறங்கியது என்று தேட வேண்டும். மருந்து கூடிவிட்டதா, உடம்பில் தண்ணீர் இல்லையா, எங்காவது இரத்தம் போகிறதா. எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். "அதற்கு ஐந்து நிமிடம் போதும்" என்றார்.

ஐந்து நிமிடம்.

அப்போதுதான் என் வாயில் அந்தக் கேள்வி வந்தது. கேட்க நினைத்துக்கூட இருக்கவில்லை. "டாக்டர், எனக்கு எப்போதும் தொண்ணூறுதான். சில நேரம் அதற்கும் கீழே. எனக்கு என்ன வருத்தம், என்ன நோய்?"

என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு. தலை சுற்றுகிறதா, மயங்கி விழுந்திருக்கிறீர்களா, களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, பார்வை மங்கல், மாத்திரை ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அவர் பட்டியைச் சுருட்டி வைத்தார்.

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இது உங்கள் அளவு. பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருந்திருக்கும். ஏதாவது மாறினால் மட்டும் வாருங்கள்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். பக்கத்தில் அக்கா கையில் தையலோடு படுத்திருக்கிறாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கிறேன். பதினேழு வருடம்! ஒன்றுமே இல்லாத எனக்கு ஒரு வருத்தத்தின் பெயரை ஒட்டி வேலையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். உண்மையாகவே வருத்தமாயிருந்த அக்காவுக்கு நோர்மல் என்று பெயர் வைத்து வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரிடமும் யாரும் ஒரு கேள்விகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டவள் பதிலை நம்பவில்லை.

அந்த ஆத்திரத்துக்குள் என்மேலும் ஒரு பங்கு இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அந்த மருந்துப் பை அவள் வீட்டுச் சுவரில் என் கண்ணுக்கு நேரே தொங்கியது. ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, மருந்தை நிறுத்தி, பிறகு ஒரே ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்து அனுப்பினார்கள். அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் டிஸ்பென்சரிக்குப் போனேன். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் பார்த்துப் போனேன்.

"வாங்கோ டீச்சர். அக்காவுக்கு எப்பிடி?"

"அக்காவுக்குப் பிரசர் நோமல் ஐயா. எந்திரிச்சு நின்னாத்தான் இல்ல."

அவர் முகம் இறுகியது. "நான் மெஷின் காட்டினதைத்தான் சொன்னனான்."

"மெஷின் பேசாதுங்களே. அக்கா பேசுனாங்க. எந்திரிச்சா இருட்டுதுன்னு சொன்னாங்க. அத ஏங்க எழுதல? போன மாசம் நீங்க குடுத்த மாத்திரை இன்னும் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"டீச்சர், மூண்டு தோட்டம் நான் ஒருத்தன். ஒரு நாளைக்கு எத்தினை பேர் வந்து தலை சுத்துது எண்டு சொல்லினம் தெரியுமே? துண்டு கேட்டுத்தான் வருகினம். ஆர் உண்மை, ஆர் பொய் எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"நிக்க வச்சுப் பாத்துத்தான். அஞ்சு நிமிசம்."

"நீங்கள் படிச்ச ஆள்தானே. வீட்டில இருக்கிற மருந்தை நீங்களே பாத்திருக்கலாம்."

அது சரியான இடத்தில் வந்து விழுந்தது. பிறகு சொன்னேன்: "ஆமாங்க. நான் பாக்காதது பெரிய தப்புத்தான். அத நான் ஒத்துக்கிறேன். ஆனா நான் புள்ளைங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கத்தான் சம்பளம் வாங்குறேன். நீங்க?"

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அக்காவின் விபத்தைப் பற்றித் தோட்ட ஒஃபீசில் ஒரு படிவம் எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் சிங்களத்தில் 'நொசலகில்ல' என்று போட்டிருந்தார்கள். கவனயீனம். அக்கா கவனம் இல்லாமல் விழுந்தாளாம். அதற்கு ஆதாரமாக இணைத்தது என்ன தெரியுமா? விழுவதற்கு இரண்டு நாள் முன் எழுதிய அந்த டிஸ்பென்சரிப் பக்கத்தின் பிரதி. 'நோர்மல்'. கீழே கோடு. அந்தப் பக்கத்தை நான் முதலில் பார்த்தது ஒஃபீஸ் மேசையில்தான். அந்தப் படிவம் அப்படியே போனால், கை ஆறும்வரை அவள் வீட்டில் இருந்த நாட்களெல்லாம் அவளாகப் போட்ட லீவாகிவிடும். அதைவிட அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தொன்பது வருடம் வெட்டியவள். அவள் வெட்டிய மரங்களில் பட்டைக்குள் காயம் விழாது என்று எல்லாக் கங்காணிகளும் சொல்வார்கள். அவளுக்குக் கவனயீனமாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்து மனேஜரை, எங்கள் துரையை, பார்க்கப் போனேன். துரை சிங்களவர், இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசுவார். நான் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நோனா, எங்கள் மருத்துவ ஆள் நோர்மல் என்று எழுதியிருக்கிறாரே. நான் எதை நம்புவது?" என்றார்.

"அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றேன். அந்த மனிதர் வந்து தன் எழுத்தைத்தான் காப்பாற்றிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் வரச் சொன்னார்கள். டாக்டர் ஐயா பதிவேட்டோடு வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. துரை கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், பதிவேட்டைத் திறந்து, தன் பழைய வரிக்குக் கீழே பேனாவால் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதிவிட்டு வாசித்தார். நோயாளி எழும்பும்போது தலைச்சுற்று என்று முறையிட்டார். நிற்கவைத்து அளக்கப்படவில்லை. எடுக்கும் மருந்துகள் விசாரிக்கப்படவில்லை. அன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

சண்டைக்கு என்று கட்டிக்கொண்டு போன பேச்சுக்கெல்லாம் வேலை இல்லாமல் போனது. துரை படிவத்தில் அந்தச் சொல்லை வெட்டினார். அக்காவின் நாட்கள் வேலையில் வந்த விபத்து என்று பதிந்தார்கள்.

வெளியே வந்ததும் டாக்டர் ஐயா, "அக்காவை வரச் சொல்லுங்கோ, தையல் பாக்க வேணும்" என்றார். "சொல்றேங்க" என்றேன். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அக்கா இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். அவர் செய்தது சின்னக் காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் சொன்ன ஒரு வரி, அவள் உருண்டு விழுந்து, கை கிழிந்து, தங்கச்சிக்காரி இரண்டு இடத்தில் போய் வாதாடிய பிறகுதான் பதிவேட்டில் ஏறியது. வீட்டில் வாதாட ஆள் இல்லாதவர்களின் வரிகள் எங்கே எழுதியிருக்கின்றன?

அக்கா இரண்டு மாதத்தில் வேலைக்குப் போனாள். பிரஷர் இப்போது நூற்றி முப்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் எழுந்தால் உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் ஐயா இப்போது தலை சுற்றுகிறது என்று வருபவர்களை நிற்கவைத்தும் பார்க்கிறார். நானே பார்த்தேன்.

போன கிளினிக் நாளில் அக்காவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஜன்னலில் இரண்டு கூடுகளை நீட்டினார்கள். அதே ஆங்கிலக் கிறுக்கல், அதே சிங்களம். தமிழில் எழுதித் தாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் சிங்களம் நல்லாத் தெரியுமே."

"மருந்து போடுவது நான் இல்லை. அக்கா."

"இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை."

"அப்படியென்றால் ஒவ்வொன்றும் எதற்கு என்று எனக்குச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பஸ் போய்விடும் என்று அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னல் விளிம்பில் வைத்து நான் எழுதினேன்: பிரஷருக்கு, காலை ஒன்று. கொழுப்புக்கு, இரவு ஒன்று. பழைய மாத்திரை மிச்சம் இருந்தால் அதைப் போடக் கூடாது.

எழுதி முடித்துத் திரும்பினால், பின்னால் நின்ற ஒரு அம்மா தன் கூடுகளை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டம் இல்லை, அடுத்த பக்கத்து மலை. "எனக்கும் எழுதித் தாங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அக்கா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் கூடுகளை வைத்து எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. இதை எழுதிக்கொடுக்க வேண்டிய ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.